பிரேக் சத்தமும் ஓர் எரர் மெசேஜ்தான்!



கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பலரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. திரையில் எரர் மெசேஜ் வந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலேயே ஓகே பட்டனைத் தட்டிவிடுவோம். மெசேஜ் மறைந்துவிடும். பிரச்னை மறைந்திருக்காது. நான்கு நாள் கழித்து அதே கோளாறு பெரிதாகி வந்து நிற்கும்.

காரில் வரும் பிரேக் சத்தமும் அப்படித்தான். அதுவும் ஒரு மெசேஜ். அதைப் படிக்காமல் சத்தத்தை மட்டும் அடக்கப் பார்ப்பது ஆபத்து. இந்த மாதப் பாடத்தில், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரையும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளையும் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம். மெனுக்களை வரிசையாக ஒப்பித்தால் அடுத்த வாரமே மறந்துவிடும். அதனால் என் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை வைத்தே சொல்லிக் கொடுக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கதை

எனக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில், வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் உள்ள தென்னேரி. வேலை சென்னையில். சனி, ஞாயிறு ஊருக்கு வந்துவிடுவேன். அப்பா பல வருடம் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். வீட்டில் ஒரு பழைய சிறிய கார் இருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம். தங்கை தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் 16 நாள்தான் இருந்தது. வலி எடுத்தால் எந்த நேரமானாலும் காஞ்சிபுரம் போக வேண்டும். அந்த நேரம் பார்த்து காரில் ‘கீச் கீச்’ என்று ஒரு சத்தம்.

“மழை ஈரம்டா. நாலு தரம் பிரேக்கை மிதிச்சா தானாப் போயிடும்” என்றார் அப்பா.

டீக்கடையில் ஒருவர் இன்னொரு யோசனை சொன்னார். “டிஸ்க்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க தம்பி, சத்தமே இருக்காது.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. எண்ணெய் விட்டால் சத்தம் இருக்காது. பிரேக்கும் இருக்காது! பிரேக் வேலை செய்வதே உராய்வினால்தான். அங்கே எண்ணெய், கிரீஸ், துரு நீக்கும் ஸ்பிரே எது பட்டாலும் உராய்வு போய்விடும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்காதீர்கள்: பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் எண்ணெய் படவே கூடாது.

அப்பாவிடம் கேட்டேன்: “தறியில சத்தம் மாறினா நீங்க என்ன செய்வீங்க? எண்ணெய் விடுவீங்களா?”

“முதல்ல தறிய நிறுத்துவேன். எங்கேருந்து வருதுன்னு பாப்பேன்” என்றார். கம்ப்யூட்டர் புரோகிராமில் பிழை கண்டுபிடிக்கும் முறையும் இதேதான். அதற்கு ‘டீபக்கிங்’ என்று பெயர். அன்று காரை டீபக் செய்வது என்று முடிவு செய்தோம்.

பிரேக் ஏன் கத்துகிறது?

சிறிய கார்களில் பெரும்பாலும் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருக்கும். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு. அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேட். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் காலிப்பர் என்ற பகுதி அந்த இரண்டு பேடையும் டிஸ்க்கின் மேல் இறுக்கும். வண்டி நிற்கும்.

கரும்பலகையில் சாக்பீஸைச் சாய்க்காமல் இழுத்தால் ‘கிரீச்’ என்று கத்துமே, அதேபோல் இறுக்கிய பேடும் டிஸ்க்கும் ஒட்டி விலகி, ஒட்டி விலகி, வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிரும்போது காதைக் கிழிக்கும் சத்தம் வருகிறது.

இது இன்று வந்த பிரச்னை அல்ல. இங்கிலாந்தில் ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1902-ல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பேடுகளில் செம்பைப் பயன்படுத்தினார். உலோகமும் உலோகமும் உரசி எழுந்த சத்தம் பெரிய தொல்லையாக இருந்தது. பிறகு ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் வைத்து அந்தச் சத்தத்தைக் குறைத்தார். அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பது பின்னாளில்தான் உலகத்துக்கு உறைத்தது.

நம் ஊருக்கும் இந்தத் தொழிலுக்கும் தூரம் அதிகமில்லை. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-ல் தொடங்கப்பட்டது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையில் 1998-ல் கார் உற்பத்தி ஆரம்பமானது. காரும் பிரேக்கும் தயாராகும் மாவட்டங்களில் இருந்துகொண்டு, பிரேக் சத்தத்தை மட்டும் நாம் ‘மழை ஈரம்’ என்று தள்ளிவிடுகிறோம்!

படி 1: சத்தம் எப்போது வருகிறது?

டீபக்கிங்கில் முதல் விதி, பிழையை நாமே திரும்ப வரவழைக்க வேண்டும். ‘எப்போதாவது வருகிறது’ என்றால் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நோட்டை எடுத்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

1. காலையில் முதல் முறை வண்டி எடுக்கும்போது மட்டும் வருகிறதா, நாள் முழுக்க வருகிறதா?

2. பிரேக் மிதிக்கும்போது வருகிறதா, மிதிக்காமல் ஓடும்போது வருகிறதா?

3. வேகம் கூடினால் சத்தமும் அடிக்கடி வருகிறதா?

4. வண்டி நிற்கும்போது, நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வருகிறதா? வந்தால் அது பிரேக் அல்ல. பெரும்பாலும் இன்ஜின் பக்கத்து பெல்ட்.

ஒரு இரவு மழையில் நனைந்த டிஸ்க்கில் காலைக்குள் மெல்லிய துரு படியும். முதல் சில பிரேக்கில் ‘கர்ர்’ என்று உரசி அது போய்விடும். எங்கள் காரிலும் காலையில் அந்தச் சத்தம் இருந்தது. அப்பா சொன்னது அந்த அளவுக்குச் சரி. ஆனால் அது போன பிறகும் ‘கீச் கீச்’ தொடர்ந்தது. அதுவும் பிரேக் மிதிக்காமல் ஓடும்போது வந்தது, மிதித்தால் நின்றது. அதாவது எங்கள் காரில் இருந்தது ஒரு சத்தம் அல்ல, இரண்டு. ஒன்று தானாகப் போனதால் இன்னொன்றும் போய்விடும் என்று நினைத்திருக்கிறோம்.

படி 2: பதிவு செய்யுங்கள்

செல்போனில் உள்ள வாய்ஸ் ரெக்கார்டரே போதும். அதன் செட்டிங்ஸில் வேவ் என்ற ஃபார்மட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். எம்பி3 ஆனாலும் பரவாயில்லை. சில போன்கள் எம்4ஏ என்ற ஃபார்மட்டில் பதியும். அதை ஆடாசிட்டியில் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளையும் சேர்த்து நிறுவ வேண்டியிருக்கும். இரைச்சலைக் குறைக்கும் வசதி ரெக்கார்டரில் இருந்தால் அதை அணைத்து விடுங்கள். நமக்கு வேண்டியதே அந்த இரைச்சல்தான்!

வண்டி ஓட்டுபவர் போனைத் தொடக் கூடாது. பதிவு செய்ய இன்னொருவர் வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா ஓட்டினார், நான் பதிந்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத ஒரு சந்து. ஒரு பக்கம் நீளமான மதில்சுவர். ஏன் மதில்சுவர் என்றால், சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி ஜன்னல் வழியே நன்றாகக் கேட்கும்.

ஏசி, ரேடியோ, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நான்கு பதிவுகள் எடுத்தோம்.

பதிவு 1: மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம், சுவர் இடப்பக்கம், இடது ஜன்னல் திறந்து.

பதிவு 2: அதே இடத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர்.

பதிவு 3: திரும்பி வரும்போது சுவர் வலப்பக்கம், வலது ஜன்னல் திறந்து, மணிக்கு 20 கிலோமீட்டர்.

பதிவு 4: மணிக்கு 20-ல் ஓடிக்கொண்டே பிரேக்கை லேசாக மிதித்து.

ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்றினோம் என்பதைக் கவனியுங்கள். வேகத்தையும் பக்கத்தையும் ஒன்றாக மாற்றினால் எதனால் சத்தம் மாறியது என்று தெரியாது. கம்ப்யூட்டர் பழுதானாலும் இதே விதிதான். ஒரே நேரத்தில் ராமையும் கேபிளையும் மாற்றினால் எது பழுது என்று எப்படிச் சொல்வீர்கள்?

படி 3: கம்ப்யூட்டரில் திறப்பது

போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, பதிவுகளை ‘பிரேக்’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் காப்பி செய்யுங்கள். ‘இடது 10’, ‘இடது 20’ என்று பெயர் மாற்றிவிடுங்கள். பெயர் வைக்காவிட்டால் அரை மணி நேரத்தில் நான்கும் குழம்பிவிடும்.

ஆடாசிட்டி முதலில் 2000-ல் வெளியானது. இன்றும் இலவசம். அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

1. ஆடாசிட்டியைத் திறந்து ‘ஃபைல்’ மெனுவில் ‘இம்போர்ட்’, அதில் ‘ஆடியோ’ என்பதைக் கிளிக் செய்து ‘இடது 20’ ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். நீல நிறத்தில் அலை போன்ற ஒரு படம் தோன்றும். அலை உயரமாக இருக்கும் இடத்தில் சத்தம் அதிகம்.

2. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒலிக்கும். மறுபடி தட்டினால் நிற்கும்.

3. கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் படம் பெரிதாகும். இரண்டு வினாடி நீளம் திரை முழுவதும் தெரியும்வரை பெரிதாக்குங்கள்.

4. டிராக்கின் இடது ஓரத்தில் ஃபைல் பெயர் இருக்கும். அதைக் கிளிக் செய்து ‘ஸ்பெக்ட்ரோகிராம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அலைப்படம் வண்ணப்படமாக மாறும். கீழே தடித்த சத்தம், மேலே கீச்சுக் குரல். மெனுவின் இடம் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறலாம்.

எங்கள் பதிவில் இன்ஜின் சத்தம் அடியில் ஒரு பட்டையாகத் தெரிந்தது. அதற்கு வெகு மேலே, சம இடைவெளியில் சின்னச் சின்னக் கோடுகள். வாசலில் போட்ட புள்ளிக் கோலம் மாதிரி வரிசையாக இருந்தன. அதுதான் ‘கீச் கீச்’!

படி 4: எண்ணுங்கள்

அந்தக் கோடுகளை எண்ணினேன். மணிக்கு 20 கிலோமீட்டர் பதிவில் இரண்டு வினாடிக்கு 6. மணிக்கு 10 பதிவில் இரண்டு வினாடிக்கு 3. வேகம் பாதியானால் எண்ணிக்கையும் பாதி.

இப்போது எக்செல் அல்லது இலவசமான லிப்ரே ஆபிஸ் கால்க் ஒன்றைத் திறங்கள். உங்கள் டயரின் பக்கவாட்டில் ஓர் எண் அச்சாகியிருக்கும். எங்கள் காரில் 155/80 ஆர் 13. அதாவது டயரின் அகலம் 155 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், நடுவில் உள்ள ரிம்மின் விட்டம் 13 அங்குலம். ஒரு செல்லில் இப்படி டைப் செய்யுங்கள்:

=3.14*(13*25.4+2*155*0.8)/1000

என்டர் தட்டினால் 1.8 என்று தொடங்கும் விடை வரும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 1.8 மீட்டர் நகரும் என்று அர்த்தம். அடுத்த செல்லில்:

=20/3.6/1.8

மணிக்கு 20 கிலோமீட்டரை 3.6 ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். அதை 1.8 ஆல் வகுத்தால் சக்கரம் வினாடிக்கு எத்தனை சுற்று என்று வரும். விடை சுமார் 3.

இரண்டு வினாடிக்கு 6 கீச்சு, அதாவது வினாடிக்கு 3. சக்கரமும் வினாடிக்கு 3 சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு கீச்சு! எனவே சத்தம் சக்கரத்தோடு சுழலும் ஒரு பொருளில்தான் பிறக்கிறது. இன்ஜின் அல்ல, ஸ்டீயரிங் அல்ல, ஷாக் அப்சர்பர் அல்ல. ஒரே ஒரு வகுத்தல் கணக்கில் பாதி கார் சந்தேகப் பட்டியலிலிருந்து விடுபட்டது.

இன்னொன்றும் பாருங்கள். ஒரு கீச்சை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, ‘அனலைஸ்’ மெனுவில் ‘ப்ளாட் ஸ்பெக்ட்ரம்’ என்பதைக் கிளிக் செய்யுங்கள். மலை போன்ற ஒரு வரைபடம் வரும். உயரமான சிகரத்தின் மேல் மவுஸை வைத்தால் கீழே அதன் எண் தெரியும். எங்களுக்கு 2800 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தது. மணிக்கு 10 பதிவிலும் ஏறக்குறைய அதே எண். வேகம் மாறினால் கீச்சின் எண்ணிக்கை மாறுகிறது, ஆனால் குரல் மாறவில்லை. கோயில் மணியை மெதுவாக அடித்தாலும் வேகமாக அடித்தாலும் அதன் நாதம் ஒன்றுதானே? அப்படி, ஏதோ ஒரு இரும்புத் துண்டு சுற்றுக்கு ஒருமுறை தட்டப்பட்டுத் தன் சொந்தக் குரலில் கத்துகிறது.

படி 5: எந்தச் சக்கரம்?

‘இடது 20’, ‘வலது 20’ இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறந்து பார்த்தோம். இடது பதிவில் கோடுகள் பளிச்சென்று இருந்தன, வலதில் மங்கல். எனவே இடப்பக்கம்.

முன்னா, பின்னா? இதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. பெரும்பாலான சிறிய கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். ஆளில்லாத இடத்தில், நடக்கும் வேகத்தில், பட்டனை அழுத்தியபடியே ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்துப் பார்த்தோம். கீச்சு மாறவே இல்லை. பெடலை மிதித்தபோது நின்றது. எனவே இடது முன்சக்கரம்.

சத்தங்களின் சிறு அகராதி

காலையில் மட்டும் ‘கர்ர்’ என்று உரசி, சில பிரேக்கில் போய்விட்டால்: மேல்துரு. பயப்பட வேண்டாம்.

ஓடும்போது ‘கீச் கீச்’, மிதித்தால் நிற்கிறது அல்லது மாறுகிறது: பேடின் தேய்மானக் காட்டி டிஸ்க்கைத் தொடுகிறது என்று சந்தேகப்படுங்கள். டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவில் சிறு கல் மாட்டியிருந்தாலும் இதைப்போல் சத்தம் வரலாம்.

மெதுவாக மிதிக்கும்போது மட்டும் நீண்ட ‘கிரீச்’: பேடும் டிஸ்க்கும் அதிர்கின்றன. பேட் வழவழப்பாகிப் பளபளத்திருக்கலாம்.

மிதிக்கும்போது ‘கரகர’ என்று இரும்பு இரும்பில் உராயும் சத்தம், பெடலிலும் அதிர்வு: பேட் முழுவதும் தேய்ந்து தகடு டிஸ்க்கை அரைக்கிறது. வண்டியை ஓட்டக் கூடாது.

மிதித்தவுடன் ஒரே ஒரு ‘டக்’: ஏதோ ஒன்று லூசாக இருக்கிறது. உடனே பார்க்க வேண்டும்.

படி 6: சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பது

எங்களுக்குத் தெரிந்த வாலாஜாபாத் மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். முதல் முறை செய்பவர்கள் அனுபவம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் நல்லது. பிரேக்கில் தவறு செய்தால் கம்ப்யூட்டரைப்போல ரீஸ்டார்ட் செய்ய முடியாது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்திவிட வேண்டும். பிறகுதான் ஜாக்கி. கையேட்டில் காட்டியுள்ள இடத்தில் மட்டும் ஜாக்கி வைக்க வேண்டும். தூக்கிய பிறகு உறுதியான ஸ்டாண்ட் ஒன்றை அடியில் கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ கொடுக்காதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றினோம். எங்கள் காரில் வெளிப்பக்கத்து பேட் முதலில் கண்ணுக்குத் தெரிந்தது. நல்ல தடிமன். “பாத்தியா, பேடு நல்லாத்தானே இருக்கு!” என்றார் அப்பா.

மெக்கானிக் சிரித்துக்கொண்டே, “அண்ணே, உள்பக்கம் இன்னொண்ணு இருக்குது” என்று காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, மேல்நோக்கித் திருப்பினார். ஸ்கேல் வைத்து அளந்தோம். பின்தகடு நீங்கலாக, வெளி பேட் 6 மில்லிமீட்டர். உள் பேட் 2.5 மில்லிமீட்டர்!

உள் பேடின் ஓரத்தில் வளைந்த ஒரு சிறிய எஃகு நாக்கு இருந்தது. அதுதான் தேய்மானக் காட்டி. பேட் தேய்ந்து ஒரு அளவுக்குக் கீழே வந்தால், அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கத்த வேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். கோளாறினால் வந்த சத்தம் அல்ல அது. எங்கோ ஒரு இன்ஜினீயர், ‘பேட் தீரப்போகிறது, மாற்றுங்கள்’ என்று நமக்காக எழுதி வைத்த எரர் மெசேஜ். அதைத்தான் நாங்கள் மழை ஈரம் என்று நினைத்தோம். அதைத்தான் எண்ணெய் விட்டு அடக்கச் சொன்னார்கள்.

எல்லா பேடிலும் இந்த நாக்கு இருக்காது. எனவே சத்தம் வரவில்லை என்பதால் பேட் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

உள் பேட் மட்டும் ஏன் தேய்ந்தது?

பேடை மாற்றினால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். மெக்கானிக் விடவில்லை. “ரெண்டும் ஒண்ணாத்தானே தேயணும்? ஏன் ஒண்ணு மட்டும் தேஞ்சுது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் என் அலுவலகத்தில் தினமும் கேட்கிறார்கள். பிழையைத் திருத்தினாய், பிழைக்குக் காரணம் என்ன?

காலிப்பர் இரண்டு வழுக்குக் கம்பிகளின் மேல் நகர வேண்டும். உள்ளே இருக்கும் பிஸ்டன் உள் பேடைத் தள்ளும். அந்த வேகத்தில் காலிப்பர் நகர்ந்து வெளி பேடையும் இழுத்துப் பிடிக்கும். எங்கள் காரில் ஒரு கம்பியின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருந்தது. காலிப்பர் நகரவில்லை. எல்லா வேலையையும் உள் பேட் ஒன்றே செய்து தேய்ந்து போயிருக்கிறது. கம்பியைச் சரிசெய்யாமல் பேடை மட்டும் மாற்றியிருந்தால், புதிய பேடும் அதேபோல் தேய்ந்திருக்கும்.

பழுது பார்த்த விதம்

1. காலிப்பரைத் தனியாகக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கம்பி போட்டுக் கட்ட வேண்டும்.

2. பிரேக் தூசியை வாயால் ஊதவோ காற்றடித்து விரட்டவோ கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகக்கவசம் போட்டு ஈரத் துணியால் துடையுங்கள்.

3. வழுக்குக் கம்பிகளைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸை மெல்லியதாகப் பூசி, ரப்பர் உறையைப் புதிதாக மாற்றினோம். கிரீஸ் கம்பிக்கு மட்டும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் இல்லை.

4. புதிய பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். அப்போது பானெட்டுக்குள் இருக்கும் டப்பாவில் பிரேக் ஆயில் மேலே ஏறும். வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். ஒருவர் அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

5. இடது, வலது இரண்டு முன்சக்கரங்களுக்கும் சேர்த்தே பேட் மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம்.

6. நட்டுகளை எதிரெதிராக முறை வைத்து இறுக்கி, வண்டியை இறக்கிய பின் கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும்.

7. மிக முக்கியம்! வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். இதை மறந்து வண்டியை எடுத்தால் எதிரே இருக்கும் சுவர்தான் பிரேக்.

பிறகு ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்தில் ஓட்டி, மெல்ல மெல்லப் பலமுறை பிரேக் பிடித்துப் புதிய பேடைப் பழக்கினோம்.

மீண்டும் பதிவு

வேலை முடிந்ததும் அதே சந்து, அதே வேகம், அதே ஜன்னல், அதே போன். பழைய பதிவையும் புதியதையும் ஆடாசிட்டியில் மேலும் கீழுமாக வைத்து அப்பாவுக்குக் காட்டினேன். மேலே புள்ளிக் கோலம். கீழே இன்ஜின் பட்டை மட்டும். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிக் கேட்டார். “காதால கேட்டதைக் கண்ணால பாக்க முடியுதே!” என்றார்.

பதிவுகளை அழிக்கவில்லை. தேதி, கிலோமீட்டர் அளவு, பேட் தடிமன் எல்லாம் ஒரு கால்க் ஃபைலில் சேர்ந்திருக்கின்றன. இப்போது அப்பாவே மாதம் ஒருமுறை ஒரு பதிவு எடுத்துச் சேமிக்கிறார்.

எப்போது நீங்கள் தொடக் கூடாது?

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினாலோ தரைவரை போனாலோ, பிரேக் ஆயில் குறைந்திருந்தாலோ, சக்கரத்தின் உள்பக்கம் ஈரக் கசிவு இருந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, இரும்பு அரைக்கும் சத்தம் கேட்டாலோ, ஆடாசிட்டியைத் திறக்க வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கம்ப்யூட்டர் உங்களுக்குச் சத்தம் எங்கே பிறக்கிறது என்று சொல்லும். பிரேக் பிடிக்குமா என்று அது உத்தரவாதம் தராது.

பேட் மாற்றிய 9-வது நாள் நடுராத்திரி தங்கைக்கு வலி எடுத்தது. விடாத மழை. அப்பா ஓட்ட, அம்மா பின்னால் தங்கையைப் பிடித்துக்கொள்ள, நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாலாஜாபாத் தாண்டியதும் மழையில் நனைந்த மாடுகள் சாலை நடுவில் படுத்திருந்தன. வளைவு திரும்பும்வரை தெரியவில்லை. அப்பா பெடலை அழுத்தினார். சத்தமில்லாமல், நேராக, வண்டி நின்றது. மாடுகள் எழுந்து போகும்வரை யாரும் பேசவில்லை. அதிகாலையில் பெண் குழந்தை பிறந்தது.

உங்களுக்கான பயிற்சி

கார் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வீட்டு சீலிங் ஃபேனையோ, உங்கள் கம்ப்யூட்டர் கேபினெட்டின் ஃபேனையோ ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டியில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் பாருங்கள். சீலிங் ஃபேனில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால், 10 வினாடிக்கு எத்தனை என்று எண்ணுங்கள். ரெகுலேட்டரை ஒரு புள்ளி குறைத்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை குறைகிறதா? அப்படியென்றால் சத்தம் எங்கே பிறக்கிறது என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அடுத்த முறை திரையில் எரர் மெசேஜ் வந்தால் ஓகே தட்டும் முன் ஒருமுறை படியுங்கள்.